வானொலி மேடையில் ஒலிக்கம்பி இணைப்பு

வானொலியும் வேளாண்மையும் நம் நாட்டில் நெடுநாள் உறவுடையவை. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபொழுது, அதனைப் பற்றி வானொலி வாயிலாகக் கேட்டறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கினர். அந்நாளில் ஒலி ஒரு திசையில்தான் சென்றது. நிலையம் பேசிற்று, ஊரார் கேட்டனர். இன்றோ நிலைமை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் தொடங்கிற்று. 2006ஆம் ஆண்டின் புதிய விதிகளின்படி, வேளாண் அறிவியல் நிலையங்களும் பொதுத்தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த உரிமை பெற்றன. இந்நிலையங்களின் ஆற்றல் சிறியது. 100 வாட் அளவும், 30 மீட்டர் உயரக் கம்பமும் கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களுக்கே அவை பயன்படுகின்றன. ஆயினும், நிலையம் ஊருக்குள் வருவதும் ஊரார் நிலையத்தோடு பேசுவதும் இவற்றால் எளிதாயின.

வேளாண் கண்காட்சியோ உழவர் கூட்டமோ நிகழும் திடலில் இத்தகைய நிலையத்தார் ஒரு மேடை அமைத்து நேரடியாக ஒலிபரப்புவது உண்டு. இடமும் மின்சாரமும் பஞ்சாயத்து அளிக்கும். ஒலிபெருக்கி உள்ளூர் மைக் செட்டுக்காரருடையதாக இருக்கும். கம்பி இழுப்பவர்கள் பெரும்பாலும் ஊர் இளைஞர்களே. ஆதலின் அந்தக் கம்பிகளில் எது எதனோடு சேரலாம், எது சேரலாகாது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்திருப்பது வேண்டத்தக்கது. தவறான ஓர் இணைப்பினால் பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவி கெடலாம். அதனினும் கேடாக, கேள்வி கேட்க மேடையேறிய உழவர் ஒருவர் தம் கேள்வியை முடிக்காமலே இறங்கிவிடலாம்.

நேயர் கேளாத இரண்டு ஒலிகள்

நேரடி ஒலிபரப்பில் நேயர் காதுக்கு எட்டாத இரண்டு ஒலிகள் உண்டு. மேடையில் பேசுபவரின் காதில் சிறு கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் நிகழ்ச்சியின் ஒலி தொடர்ந்து கேட்கும். நிலையத்தில் இருக்கும் பொறுப்பாளர் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் நிகழ்ச்சி ஒலி தணிந்து, "இன்னும் ஒரு நிமிடம்தான், முடியுங்கள்" என்றாற்போல் அவருடைய குரல் அக்காதில் மட்டும் ஒலிக்கும். இதனைத் தொழில் துறையினர் ஐ.எஃப்.பி. என்பர். நாம் காதுக்குறிப்புக் கருவி என்று கூறலாம்.

மற்றொன்று இன்டர்காம் எனப்படும் உட்பேச்சுக் கருவி. மேடையருகில் ஒருவர், ஒலிக்கலவைப் பலகையில் ஒருவர், வாயிலில் ஒருவர் என இடுப்பில் சிறு பெட்டியும் தலையில் ஹெட்செட்டும் அணிந்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு உரியது இது. எல்லோரும் ஒரே கம்பியில் சேர்ந்திருப்பர். ஒருவர் பேசினால் அனைவருக்கும் கேட்கும். அமெரிக்காவில் ராக் இசைக் கச்சேரிகளின் பேரிரைச்சலுக்கு நடுவே மேடைப் பணியாளர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க இயலாமல் இடர்ப்பட்டனர். அவ்விடர் தீர, சான்பிரான்சிஸ்கோ நகரில் 1968ஆம் ஆண்டில் கிளியர்-காம் நிறுவனம் இத்தகைய இடுப்புப் பெட்டியை உருவாக்கிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் கம்பிவழி உட்பேச்சுக் கருவிகள் பல அதே முறையைத் தழுவியவை. கம்பியில்லாக் கருவிகளும் இந்நாளில் மிகுந்துவிட்டன. ஆனால் வாடகைக்குக் கிடைப்பவற்றிலும், பெரிய நிலையங்கள் கழித்து விற்பவற்றிலும் கம்பிவழிக் கருவிகளே மிகுதி. அவை உழைப்பவை, பழுது பார்க்க எளியவை. அவற்றை வாங்குவதில் குற்றம் இல்லை.

செருகி ஒன்று, உள்ளே ஓடுவது வேறு

இடர் எங்கே பிறக்கிறதெனில், செருகியில் பிறக்கிறது. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று ஊசி கொண்ட வட்டச் செருகியை மைக் செட்டு வைத்திருப்போர் அனைவரும் அறிவர். மைக்குக்கும் அதே செருகி. கலவைப் பலகையின் வெளியீட்டுக்கும் அதே செருகி. உட்பேச்சுக் கருவிக்கும் காதுக்குறிப்புக் கருவிக்கும் அதுவே. பொருந்துகிறது என்பதால் ஒன்றை ஒன்றில் செருகிவிடுவது மனித இயல்பு. பம்புசெட்டுக் குழாயும் மண்ணெண்ணெய்க் குழாயும் ஒரே அளவு மரையுடன் இருந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். அளவு ஒன்றாயிருப்பது உள்ளே ஓடும் பொருள் ஒன்று என்பதற்குச் சான்றாகாது.

மைக்கிலும் கலவைப் பலகையிலும் முதல் ஊசி உறைக்கம்பிக்கு உரியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒலியைச் சுமக்கும் இணை. உட்பேச்சுக் கருவியில் அவ்வாறன்று. கிளியர்-காம் முறையில் முதல் ஊசி பொதுக்கம்பி, இரண்டாவதில் சுமார் 30 வோல்ட் நேர்மின்சாரம், மூன்றாவதில் ஒலி. ஆர்.டி.எஸ். என்னும் மற்றொரு முறையில் இரண்டாவது ஊசியிலேயே நேர்மின்சாரமும் முதல் வழியின் ஒலியும் சேர்ந்து செல்லும். மூன்றாவதில் இரண்டாம் வழியின் ஒலி செல்லும். அம்முறையின் காதுக்குறிப்புக் கருவியிலும் இரண்டாவது ஊசி மின்சாரத்தோடு, கட்டளையால் இடைமறிக்கப்படும் ஒலியையும் சுமக்கும். மூன்றாவது, இடைமறிப்பில்லாத நிகழ்ச்சி ஒலியைச் சுமக்கும். இடுப்புப் பெட்டிக்குத் தனி மின்கலம் வேண்டாமல், கம்பி வழியாகவே மின்சாரம் ஊட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. மிகவும் சிக்கனமான ஏற்பாடும் ஆகும்.

மின்சாரம் சுமக்கும் இக்கம்பியைத் தொழிலில் 'ஈரக்கம்பி' என்ற பொருள்பட வழங்குவர். ஒலி மட்டும் செல்வது 'உலர்ந்த கம்பி.' உழவர்களுக்கு இதை விளக்க வாய்க்காலை விட நல்ல உவமை இல்லை. வாய்க்காலில் முழங்கால் அளவு நீர் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் காற்றினால் சிற்றலை எழுகிறது. நிற்கும் நீர் 30 வோல்ட் மின்சாரம். சிற்றலை, ஒரு வோல்ட் அளவிலும் குறைந்த ஒலி. இடுப்புப் பெட்டிக்கு நீரும் வேண்டும், அலையும் வேண்டும். கலவைப் பலகைக்கோ அலை மட்டும் போதும். நீரைத் திறந்துவிட்டால் அது மூழ்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கலவைப் பலகையே மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறதே, அதனால் மைக் கெடவில்லையே என்று மைக் செட்டுக்காரர் வினவக்கூடும். நல்ல வினா. அந்த 48 வோல்ட்டு இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் ஒரே அளவாக, ஒவ்வொன்றும் சுமார் 6,800 ஓம் தடை வழியாகச் செல்கிறது. இரண்டிலும் சமமாதலால், அவற்றுக்கு இடையே வேறுபாடு இல்லை. தடையும் மின்னோட்டத்தை அடக்குகிறது. உட்பேச்சுக் கருவியின் 30 வோல்ட்டோ ஒரு ஊசியில் மட்டும் இருப்பது. அதற்குப் பின்னால் பல பெட்டிகளுக்கு ஊட்டும் அளவுக்கு மின்னோட்டமும் உண்டு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. உட்பேச்சுக் கம்பி செருகப்பெற்ற வழியில் அந்த 48 வோல்ட் பொத்தானையும் அணைத்து வைத்தல் வேண்டும்.

நேராகச் செருகினால் நேர்வது என்ன? முதலில் 'தொம்' என்ற பேரொலி திடல் முழுவதும் அதிரும். பலகை தரமானதாயின் பிழைக்கலாம். மலிவானதாயின் அந்த வழி ஊமையாகும். உட்பேச்சுக் கருவியின் பக்கத்திலும் கேடு உண்டு. மூன்றாம் ஊசியை முதல் ஊசியோடு சேர்த்துவிட்ட செருகியைப் போட்டால், கிளியர்-காம் முறையில் அனைவருடைய பேச்சும் ஒருங்கே அற்றுப்போம். இரண்டாவதை முதலாவதோடு சேர்த்தால் மின்சாரமே குறுக்காக ஓடி எல்லாப் பெட்டிகளும் அணையும். மூன்றாம் ஊசியில் ஒலி மட்டும்தானே என்று கிளியர்-காம் முறையிலும் முற்றிலும் நம்புவதற்கில்லை. அழைப்பு விளக்கை எரியவைக்கும் பொத்தானை எவரேனும் அழுத்தினால் அந்த ஊசியிலும் நேர்மின்னழுத்தம் தோன்றும்.

தடுப்புப் பெட்டி

இதற்குத் தீர்வு எளியது, செலவும் சொற்பமே. நேர்மின்சாரத்தைத் தடுத்து, அசையும் மின்சாரத்தை மட்டும் விடும் இயல்பு கன்டென்சருக்கு உண்டு. 10 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கன்டென்சர் ஒன்றை ஒலி செல்லும் ஊசிக்கும் பலகைக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். அதன் நேர்முனை உட்பேச்சுக் கருவியின் பக்கம் இருத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் கன்டென்சர் கெடும். அப்பால், 600 ஓமுக்கு 600 ஓம் என்ற ஒலி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்தால், இரு கருவிகளின் மின்பாதைகளும் முற்றிலும் பிரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாதோ எனின், போதாது. நேர்மின்சாரம் அதன் சுருளில் ஓடினால் இரும்பு உள்ளகம் காந்தம் நிறைந்து ஒலி கெடும். ஆகையால் கன்டென்சர் முன்னும் டிரான்ஸ்ஃபார்மர் பின்னுமாக அமைவதே முறை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கன்டென்சரை மட்டும் கொண்டு இணைப்பவர்கள், அதன் பலகைப் பக்க முனையிலிருந்து பொதுக்கம்பிக்கு 1 லட்சம் ஓம் தடை ஒன்றை இணைத்தால், செருகும்பொழுது எழும் அதிர்வொலி குறையும்.

இவற்றை ஒரு சிறு தகரப் பெட்டியில் அடக்கி, பெட்டிக்குத் தனி நிறம் பூசி வைத்துக்கொள்ளல் நன்று. உள்ளூர் ரேடியோ பழுது பார்ப்பவர் எவரும் ஒரு பகலில் செய்து தரக்கூடிய வேலை இது. ஆயத்தமாகவும் விலைக்குக் கிடைக்கிறது.

எதிர்த்திசையில், அதாவது நிகழ்ச்சி ஒலியை உட்பேச்சுக் கம்பியில் சேர்க்க வேண்டுமாயின், பொதுக்கம்பியில் எங்கேனும் ஒட்டுப்போட்டுச் சேர்ப்பது பிழை. அக்கம்பி முழுமைக்கும் 200 ஓம் அளவுள்ள ஒரே ஒரு முடிவுத் தடைதான் இருக்க வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. வேறு கருவியின் வெளியீட்டை அதன்மேல் கட்டினால் சுமை மிகுந்து அனைவர் காதிலும் ஒலி தாழும். தலைமைப் பெட்டியின் பின்புறம் நிகழ்ச்சி ஒலிக்கென்றே தனி வாய் வைத்திருப்பார்கள். அதுவே வழி.

தராசும் இரு கம்பியும்

மேடையிலிருந்து பலகை வரை 50 மீட்டர் கம்பி ஓடுமாயின், அதன் அருகிலேயே விளக்குக் கம்பியும் ஜெனரேட்டர் கம்பியும் ஓடும். அவற்றின் இரைச்சல் ஒலிக்கம்பியில் ஏறாமல் காப்பது இணைக்கம்பி முறை. தராசின் இரண்டு தட்டுகளிலும் மழை சமமாகப் பெய்தால் முள் அசைவதில்லை. ஒரு தட்டில் மட்டும் வைக்கும் பொருளே முள்ளை அசைக்கும். இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே பலகை ஒலியாகக் கொள்கிறது. இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது. கைப்பேசியிலும் வீட்டு ஒலிக்கருவியிலும் உள்ள சிறு ஜாக்குகளில் இந்தத் தராசு இல்லை. ஒற்றைக் கம்பியும் உறையும்தான். அவற்றை மூன்று நான்கு மீட்டருக்கு மேல் நீட்டாமலிருப்பது நல்லது. நீட்ட வேண்டுமாயின் இங்கும் டிரான்ஸ்ஃபார்மரே உதவும்.

ஒலியின் அளவும் கருதத்தக்கது. சாதாரண மைக் தருவது சில ஆயிரத்திலொரு பங்கு வோல்ட். தொழில்முறைப் பலகையின் வெளியீடு 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் வெளியீடு ஏறத்தாழ 0.32 வோல்ட். பலகையின் வெளியீட்டை மைக் வாயில் கொடுத்தால் ஒலி கரகரத்துச் சிதையும். மைக்கைப் பெரிய வாயில் கொடுத்தால் ஒன்றும் கேளாது. இவை பொருளழிவு தருவன அல்ல, திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஹாரன் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் 100 வோல்ட் கம்பி வேறு. ஊர்த் திருவிழாக்களில் மரத்துக்கு மரம் கட்டும் அக்கம்பியிலிருந்து வானொலிக்கு ஒலி எடுக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. ஒருபோதும் கூடாது. ஆம்பிளிஃபையரின் பின்புறம் 'லைன் அவுட்' என்று எழுதிய தனி வெளியீடு இருக்குமாயின் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.

பேசுபவர் காதில் அவர் குரல் வேண்டா

கேள்வி பதில் நிகழ்ச்சியில் மற்றொரு தொல்லை உண்டு. எடுத்துக்காட்டாக, நிலையத்தில் பயிர் நோய் வல்லுநர் அமர்ந்திருக்கிறார். திடலில் உழவர் ஒருவர் நெற்பயிரின் குலைநோய் பற்றிக் கேட்கிறார் என்று கொள்வோம். உழவரின் குரல் நிலையத்துக்குச் சென்று, நிகழ்ச்சி ஒலியோடு கலந்து, அவர் காதுக்கே திரும்பி வருகிறது. இணையத்தின் வழியோ செயற்கைக்கோளின் வழியோ சென்று வருவதால் அது தாமதித்து வரும். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒலியைச் சுமக்கும் வானொலி அலை ஒருமுறை மேலேறி இறங்கவே ஏறத்தாழக் கால் வினாடியாகிறது. தம் குரலையே சிறிது பிந்திக் கேட்கும் மனிதர் திக்கத் தொடங்குவார் என்பதை அமெரிக்கப் பொறியாளர் பெர்னார்டு லீ 1950ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பயிற்சி பெற்ற அறிவிப்பாளரே தடுமாறுவார் எனின், முதன்முதல் மைக் முன் நிற்கும் உழவரைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் கேள்வி பாதியில் நின்றுவிடும். கூட்டத்தார் அவருக்குப் பேசத் தெரியவில்லை என்று எண்ணுவர். குறை அவரிடம் இல்லை, கம்பியில் இருக்கிறது.

ஆகவே ஒருவர் காதுக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரல் தவிர ஏனைய எல்லாம் இருத்தல் வேண்டும். மிக்ஸ் மைனஸ் என்று இதனைக் கூறுவர். இதற்குப் பெரிய கருவி வேண்டா. சிறிய பலகையிலும் 'ஆக்ஸ்' என்றொரு துணை வெளியீடு உண்டு. நிலையப் பலகையில் அந்த வெளியீட்டைத் திடலுக்குச் செல்லும் வழிக்கு ஒதுக்கி, திடலிலிருந்து வரும் ஒலியின் ஆக்ஸ் திருகியை மட்டும் முழுவதும் மூடிவிட்டு, மற்றவற்றைத் திறந்து வைத்தால் போதும். காதுக்குறிப்புக் கருவிக்கு நிகழ்ச்சி ஒலி கொடுப்பதும் இந்த ஆக்ஸ் வெளியீட்டிலிருந்தே இருத்தல் வேண்டும். முதன்மை வெளியீட்டிலிருந்து கொடுப்பது பிழை. திடலில் ஒலிபெருக்கி வைத்து வல்லுநரின் பதிலை அனைவருக்கும் கேட்கச் செய்வதாயினும், அந்த ஒலிபெருக்கி உழவரின் மைக்கை நோக்கி நிற்கலாகாது.

காதுக்கருவியின் ஒலி அளவை முற்றிலும் தணித்து வைத்து, காதில் அணிந்தபின் மெல்ல உயர்த்துவது கட்டாயம். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் வகுத்த எல்லை. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். அக்கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே இடமுண்டு. கூட்ட இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதைக் காட்டிலும், மற்றக் காதைப் பஞ்சினால் அடைப்பது நலம்.

இரைச்சலுக்காக எர்த்தை வெட்டலாகாது

இறுதியாகச் சொல்ல வேண்டியது உயிரைப் பற்றியது. இரு கருவிகள் இருவேறு மின்வாய்களிலிருந்து மின்சாரம் பெற்று, ஒலிக்கம்பியாலும் இணைக்கப்பட்டால், எர்த் வழியாக ஒரு சுற்றுப்பாதை உண்டாகி, வினாடிக்கு 50 சுழற்சியில் 'உம்' என்ற இரைச்சல் எழுவதுண்டு. சிலர் மின்செருகியின் எர்த் கம்பியை வெட்டிவிடுகின்றனர். இரைச்சல் நிற்கும், மெய்தான். ஆனால் அக்கருவியில் கசிவு நேர்ந்த நாளில், ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று மைக்கைப் பிடிப்பவர் வழியாகவே மின்சாரம் மண்ணைச் சேரும். நெல் வயலோரத் திடலில், மழைக்குப்பின் நடக்கும் கூட்டத்தில் இதன் பொருள் யாதென்று விளக்க வேண்டுவதில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்வாயிலிருந்து ஊட்டுவதும், ஒலிக்கம்பியில் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும், கம்பியின் ஒரு முனையில் மட்டும் உறையைப் பிரித்து வைப்பதும் இரைச்சலைப் போக்கும் முறைகள். இவற்றுள் உறையைப் பிரிப்பது உலர்ந்த இணைக்கம்பிக்கு மட்டுமே உரியது. உட்பேச்சுக் கம்பியில் முதல் ஊசியே மின்சாரம் திரும்பும் பாதையாதலால், அதைப் பிரித்தால் பெட்டி இயங்காது. மின்வாயில் கசிவு துண்டிக்கும் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதா என்பதை இடம் தரும் பஞ்சாயத்தே முன்னதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலையே கம்பிகளை விரித்து, மல்டிமீட்டரை நேர்மின்சார அளவில் வைத்து, ஒவ்வொரு செருகியிலும் முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும், பின்பு முதலுக்கும் மூன்றாவதற்கும் அளந்து பார்க்க வேண்டும். உட்பேச்சுக் கம்பியை அளக்கும்பொழுது அழைப்புப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் எதில் காட்டினாலும் அக்கம்பியின் இரு முனைகளிலும் சிவப்புத் துணி நாடா கட்டிவிடுங்கள். சிவப்பு நாடா உள்ள கம்பி தடுப்புப் பெட்டி வழியாகவன்றிக் கலவைப் பலகைக்குச் செல்லலாகாது என்று இளைஞர்களிடம் சொல்லி வைக்கலாம். நிகழ்ச்சி முடிந்தபின் கழற்றும்பொழுது, முதலில் திடல் ஒலிபெருக்கியைத் தணித்து, அடுத்து உட்பேச்சுக் கருவியின் மின்சாரத்தை நிறுத்தி, கன்டென்சரில் தங்கியது வடியச் சிறிது நேரம் விட்டு, அதன் பிறகே செருகிகளைப் பிடுங்குதல் வேண்டும்.